மொய் எழுதுகிறோம், முதல் எழுதுவதில்லை

(தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் நிகழ்த்திய பேச்சு)



சம்பளத்தையும் போனஸையும் பற்றிப் பேசவேண்டிய மேடையில் வியாபாரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "சங்கத்துக்கும் வியாபாரத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று சிலருக்குத் தோன்றலாம். சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறோம்.

ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனையையும் சாய்த்துவிட்டு வீடு கட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் நம்மவர்களில் சிலர் வேலை நிறுத்தப்பட்டு, அதற்குரிய தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். 1980ஆம் ஆண்டின் விதிகளின்படி, 5 ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 25 ஆண்டு மரம் வெட்டியவருக்கு 500 நாள் சம்பளம் மொத்தமாக வந்து சேரும். 55 வயதானால் ஊழியர் சேமநிதிப் பணமும் கைக்கு வரும். பிறந்தது முதல் மாதச் சம்பளத்தையும் கடைக்கணக்கையும் தவிர வேறு பணத்தைப் பார்த்திராத ஒரு மனிதரின் கையில் ஒருநாள் காலையில் இருபதாயிரம், முப்பதாயிரம் வெள்ளி இருக்கிறது. அந்தப் பணம் எங்கே போகிறது? நகை வாங்குவோர் உண்டு, வீட்டுக்கு முன்பணம் கட்டுவோர் உண்டு. இன்னும் பலர், கூடப் பிறவாத அண்ணன் தம்பி போலப் பழகிய ஒரு நண்பரோடு சேர்ந்து ஒரு கடை, ஒரு லாரி, ஒரு சாப்பாட்டுக் கூடாரம் என்று தொடங்குகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து அதே இருவர் நம் கிளை அறைக்கு வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு நாற்காலியில் உட்காருகிறார்கள். முதலாளியோடு வழக்கென்றால் எங்களுக்கு வழி தெரியும். இந்த வழக்குகளுக்குத்தான் வழி தெரியாமல் விழித்திருக்கிறோம்.

அப்படி ஒரு வழக்கை இன்று சொல்லப்போகிறோம். பெயர் சொல்லமாட்டோம். இரு வீட்டாரும் நமக்கு வேண்டியவர்கள், இன்றும் நம் நடுவில் வாழ்பவர்கள். ஒருவரை மூத்தவர் என்றும் மற்றவரை இளையவர் என்றும் வைத்துக்கொள்வோம். தோட்டத்தின் பெயரும் வேண்டாம்.

இருவரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். மூத்தவர் மரம் வெட்டினார். இளையவர் லாரி ஓட்டினார். மூத்தவர் வீட்டில் மீன்குழம்பு வைத்தால் இளையவர் வீட்டுப் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடும். தைப்பூசத்துக்கு ஒரே வேனில் போவார்கள். 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை எப்படி இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அவ்வாண்டு பிப்ரவரி மாதத்தில் அது உச்சத்தில் நின்றது. கம்பத்துச் சிறுதோட்டக்காரர்கள் மங்கில் உறைந்த கட்டிப்பாலைப் பொன்னைப்போல் பாதுகாத்தார்கள். அவர்களிடம் கட்டிப்பால் வாங்கித் தொழிற்சாலைக்கு ஏற்றுவது நல்ல வியாபாரம் என்று இருவருக்கும் பட்டது.

மூத்தவர் சேமநிதியிலிருந்து எடுத்த 24,000 வெள்ளியை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு போய் இளையவர் கையில் கொடுத்தார். "நீ பாத்துக்கடா தம்பி" என்றாராம். "சரிண்ணே" என்றாராம் அவர். பேச்சு அவ்வளவுதான். இளையவரிடம் ஒரு பழைய லாரி இருந்தது. அப்போது அதன் விலை 12,000 வெள்ளி பெறும். அதுவே வியாபார லாரி ஆயிற்று. ரப்பர் வாங்கி விற்பதற்கு மலேசிய ரப்பர் வாரியத்தின் உரிமம் வேண்டும். எழுதப் படிக்க விரைவாக வரும் என்பதால் இளையவரே அலைந்து அதை எடுத்தார். எஸ்.எஸ்.எம். பதிவும் அவர் பெயரில், உரிமமும் அவர் பெயரில், லாரியின் கிராண்ட்டும் அவர் பெயரில். இதில் எந்தச் சூதும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறோம். யார் போனாரோ அவர் பெயரில் எழுதினார்கள், அவ்வளவுதான்.

லாரிக்குப் பூசை போட்ட அன்று நாங்களும் போயிருந்தோம். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறியது. சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம். கிளைச் செயலாளர் இருந்தார், பொருளாளர் இருந்தார், கூட்டு ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் நாலு பேர் இருந்தோம். எங்களில் ஒருவராவது, "எழுதிக்கொண்டீர்களா?" என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. நல்ல காரியம் நடக்கும் இடத்தில் கேட்கக்கூடாத கேள்வி என்று நினைத்தோம். பொங்கலைத் தின்றுவிட்டு வந்தோம்.

முதல் இரண்டு ஆண்டு நன்றாகவே போயிற்று. இளையவர் நாள்தோறும் லாரி ஓட்டினார். மூத்தவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தார். மாதக் கடைசியில் செலவு போக மிஞ்சியதை இளையவர் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை மூத்தவர் வீட்டில் கொடுத்துவிடுவார். பிறகு விலை இறங்கத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 2011இன் உச்ச விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சிறுதோட்டக்காரர்கள் மரம் வெட்டுவதையே விட்டார்கள். நேற்று வாங்கி வைத்த கட்டிப்பால் இன்று விலை குறைந்து, ஏற்றிய கூலிக்கும் கட்டாமல் போயிற்று. முதல் கரைந்தது. லாரி பட்டறையிலேயே பாதி நாள் நின்றது. அந்த நிலையில், 2016இல், மூத்தவர் மாரடைப்பில் காலமாகிவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. லாரியைப் பழுது பார்த்த பட்டறைக்காரர் அந்த அம்மாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். "உங்கள் வீட்டுக்காரரும் பங்காளிதானே, பாக்கியை யார் கொடுப்பது?" என்றார். அந்த அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தமக்குப் பணம் வரவேண்டியிருக்கிறது என்றல்லவா அவர் நினைத்துக்கொண்டிருந்தார்! அப்படித்தான் விவகாரம் கிளை அறைக்கு வந்தது. 2017இல் நான்கு தடவை உட்கார்ந்தோம்.

அந்த அம்மா சொன்னது இது: "அவரு எங்கிட்ட, தம்பிக்குக் கைமாத்தாக் குடுத்திருக்கேன், மக கல்யாணத்துக்குத் திருப்பி வாங்கிக்கலாம்னுதான் சொன்னாரு. மாசாமாசம் வந்த காசு, தம்பி அன்பா குடுத்தது. என் இருபத்து நாலாயிரம் எங்கே?"

இளையவர் சொன்னது இது: "அண்ணி, அது கடனில்லை. நாங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்ச யாவாரம். கடனா இருந்தா நான் ஏன் லாபத்துல பாதி குடுக்கணும்? லாபம் வந்தப்ப ரெண்டு பேருக்கும் வந்துச்சு, நட்டமும் ரெண்டு பேருக்கும்தான். அஞ்சு வருசம் லாரி ஓட்டினேன், ஒரு நாள் சம்பளம் எடுத்ததில்லை. அண்ணன் இருந்தா கேட்டுப் பாருங்க."

அண்ணன் இல்லை. அங்கேதான் எல்லாம் நின்றது.

தோழர்களே, இந்த இருவரில் யார் பொய் சொன்னார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? நான்கு தடவை முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த நாங்கள் சொல்கிறோம்: இருவருமே பொய் சொல்லவில்லை. மூத்தவர் மனைவியிடம் "கைமாற்று" என்று சொல்லியிருப்பார். பயப்படவேண்டாம் என்பதற்காகச் சொல்லியிருப்பார். இளையவரிடம் "நம்ம யாவாரம்" என்று சொல்லியிருப்பார், உற்சாகத்தில் சொல்லியிருப்பார். இரண்டும் அவர் வாயிலிருந்து வந்தவையாகவே இருக்கலாம். ஏமாற்றுக்காரனுக்குப் பயந்துதான் எழுதவேண்டும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். ஏமாற்றுக்காரன் எழுதியும் ஏமாற்றுவான். எழுத்து அதிகம் தேவைப்படுவது இரண்டு நல்லவர்களுக்கு. ஐந்து ஆண்டில் நல்லவர்களின் நினைவும் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடும்.

இனிக் கணக்குக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாகக் கேட்கவேண்டும். இதுதான் முக்கியமான இடம்.

லாரியையும் தராசையும் விற்று, பட்டறைக் கடன், டயர்க் கடன் எல்லாவற்றையும் அடைத்தபின் 6,000 வெள்ளி மிஞ்சியது. அந்த அம்மாவுக்கு எவ்வளவு சேரவேண்டும்?

24,000 கடன் என்றால், வியாபாரம் வாழ்ந்தாலென்ன, செத்தாலென்ன, இளையவர் 24,000 வெள்ளியும் கொடுக்கவேண்டும்.

அது முதல் என்றும், லாரியும் 12,000 வெள்ளி முதல் என்றும் வைத்தால், இருவரும் போட்டது 36,000. மிஞ்சியது 6,000. நஷ்டம் 30,000, ஆளுக்கு 15,000. மூத்தவர் போட்ட 24,000இல் 15,000 போக 9,000 அவர் வீட்டுக்கு வரவேண்டும். இளையவர் போட்டது 12,000, அவர் பங்கு நஷ்டம் 15,000. ஆகவே கைப்பணம் 3,000 அவர் கட்டவேண்டும். மிஞ்சிய 6,000உடன் அந்த 3,000 சேர்ந்து 9,000 ஆகும்.

யார் எவ்வளவு போட்டார் என்பதைக் காட்டவே முடியவில்லை என்றால், மிஞ்சிய 6,000 சரிபாதி. ஆளுக்கு 3,000.

இருபத்து நாலாயிரம், ஒன்பதாயிரம், மூவாயிரம். ஒரே துண்டில் சுற்றிக் கொடுத்த ஒரே பணத்துக்கு மூன்று விடை! எது சரி என்று தெரிந்த வக்கீல் ஒருவரைக் கேட்டோம். "எதை நிரூபிக்கிறீர்களோ அதுதான் சரி" என்று சொல்லிவிட்டார்.

வக்கீல் எங்களுக்கு விளக்கிய சட்டத்தையும் இங்கே சொல்லவேண்டும். வாய்ச்சொல்லுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி வாயால் பேசிக்கொண்டதும் ஒப்பந்தமாகலாம். என்ன பேசினார்கள் என்று நிரூபிப்பதில்தான் சங்கடம். துண்டில் சுற்றிய பணத்துக்கு ரசீது ஏது? சேமநிதிப் புத்தகம் பணம் எடுத்ததைக் காட்டும். எதற்காகக் கொடுத்தார் என்பதை அது காட்டாது.

அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. நீங்கள் எழுதிக்கொள்ளாவிட்டால் உங்களுக்குள் ஒப்பந்தமே இல்லை என்று எண்ணவேண்டாம். உங்களுக்காக வேறொருவர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார். 1961ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தில் 26ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கூட்டாளிகள் தமக்குள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளாத இடத்தில் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். முதலிலும் இலாபத்திலும் எல்லோருக்கும் சரிபங்கு, நஷ்டத்திலும் சரிபங்கு. வியாபாரத்துக்காக உழைத்ததற்கு எந்தக் கூட்டாளிக்கும் சம்பளம் கிடையாது. இளையவர் ஐந்து ஆண்டு லாரி ஓட்டியது அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒரு காசு பெறாது. அவர் மனைவி எங்களிடம் வந்து அழுதது இதைக் கேட்டுத்தான். "அப்ப என் வீட்டுக்காரரு ஒழைச்சது ஒழைப்பில்லையா?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. மாதம் இவ்வளவு ஓட்டுக்கூலி என்று ஒரு வரி எழுதியிருந்தால் அது உழைப்பாகியிருக்கும்.

ஒரு கூட்டாளி இறந்தால், வேறு ஏற்பாடு இல்லாத இடத்தில், கூட்டு கலைந்துவிடும். நிறுவனத்தின் கடன்களுக்கு எல்லாக் கூட்டாளிகளும் பொறுப்பு. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தையும் அந்தப் பொறுப்பு தொடரும். பட்டறைக்காரர் அந்த அம்மாவின் வாசலுக்கு வந்தது அநாகரிகமாக இருக்கலாம். ஆனால் அவர் கேள்வி அடியோடு அர்த்தமற்றதல்ல. நாங்களும் முதலில் அவர்மேல் கோபப்பட்டவர்கள்தான்.

இதே சட்டத்தில் நம் பேச்சுக்கு நேராகப் பொருந்தும் ஓர் இடம் இருக்கிறது. ஒருவர் கடன் கொடுத்து, வட்டிக்குப் பதிலாக இலாபத்தில் பங்கு வாங்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏற்பாடு எழுத்தில் இருந்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தால், இலாபத்தில் பங்கு வாங்கினார் என்பதற்காக மட்டும் அவரைக் கூட்டாளி என்று கொள்ளக்கூடாது என்று சட்டம் பாதுகாப்புத் தருகிறது. எழுத்து இல்லையென்றால் அந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியாது. அந்த அம்மா சொன்னபடி அது உண்மையில் கைமாற்றாகவே இருந்திருக்கலாம். மாதாமாதம் வாங்கிய பாதிப் பணம் அந்த வாதத்தின் காலை வாரிவிட்டது.

காலக்கெடு ஒன்றும் இருக்கிறது. ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட 1953ஆம் ஆண்டின் சட்டம் 6 ஆண்டு தருகிறது. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? எழுத்தில் தேதி இருந்தால் எண்ணலாம். எழுத்தே இல்லையென்றால் அதுவே தனி வழக்காகிவிடும். 2011இல் கொடுத்த பணத்தைப் பற்றி நாங்கள் உட்கார்ந்து பேசியது 2017இல் என்பதைக் கவனித்தீர்களா?

நம்மவர்கள் ஏன் எழுதுவதில்லை? நட்பு கெடும், நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று காரணம் சொல்வார்கள். அது மேலோட்டமான காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஆழத்தில் வேறொன்று இருக்கிறது. ஒப்பந்தம் என்ற சொல்லோடுதான் நம் பாட்டன்மார் பலர் இந்த நாட்டுக்குக் கப்பலேறினார்கள். ஒப்பந்தக் கூலி முறையில் இந்தியாவிலிருந்து ஆள் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. அதுவரை தமக்குப் படிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். கப்பல் செலவு, கடைக்கடன் எல்லாம் யாரோ எழுதிய கணக்கில் ஏறும். நம் கணக்கில் நமக்கு எழுத்து இருந்ததில்லை. தாள் என்றால் நம்மைக் கட்டும் கயிறு என்றே அந்தத் தலைமுறை கண்டது. ஆகவே, நமக்கு வேண்டியவரிடம் தாளை நீட்டுவது அவமானம் என்ற எண்ணம் இரத்தத்தில் ஊறிவிட்டது. அதை நாங்கள் பழிக்கவில்லை. அனுபவத்தில் வந்த எண்ணம் அது.

ஆனால் அதே தாளைக்கொண்டுதான் நாம் எழுந்தோம் என்பதையும் நினைக்கவேண்டும். துரை நல்லவர், கேட்டால் கொடுப்பார் என்று நாம் விட்டுவிட்டோமா? இல்லை. சம்பளம், விடுமுறை, மருத்துவம் எல்லாவற்றையும் எழுத்தில் கொடு என்று கேட்டு வாங்கினோம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரரும், மாமனும், மச்சானும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். ஆயினும் அவரவர் பங்கு அவரவர் பெயரில் பதிவாயிற்று. யாரும் யாரையும் நம்பவில்லை என்று அதற்குப் பொருளா?

அவ்வளவு தூரம் போகவேண்டாம். நம் கல்யாண வீட்டைப் பாருங்கள். வாசலில் ஒரு மேசை, ஒரு நோட்டு, கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். தாய்மாமன் மோதிரம் போட்டால் எழுதுகிறோம். உயிருக்குயிரான சிநேகிதன் ஐம்பது வெள்ளி வைத்தால் எழுதுகிறோம். "என்னை நம்பவில்லையா?" என்று எந்த மாமனும் கோபித்துக்கொண்டு போனதில்லை, எழுதாமல் விட்டால்தான் கோபம்! ஐம்பது வெள்ளி மொய்யை எழுதத் தெரிந்த நாம் இருபத்து நாலாயிரம் வெள்ளி முதலை எழுதவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொன்னவர்களும் நம் பாட்டிமார்தான்.

(கூட்டுப் பிடிக்கிற அக்காமார்கள் சிலர் இங்கே சிரிப்பது தெரிகிறது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை 1971ஆம் ஆண்டிலேயே சட்டம் தடுத்துவிட்டது. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். ஆனால் கூட்டு நோட்டிலாவது யார் எத்தனை மாதம் கட்டினார் என்று எழுதியிருக்கும்!)

சரி, எதை எழுதுவது? வக்கீலிடம் போய் இருபது பக்கம் எழுதச் சொல்லவில்லை. பெரிய தொகையானால் போகத்தான் வேண்டும். சிறிய வியாபாரத்துக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கம் போதும். இன்ன தேதியில் இன்னார் இவ்வளவு கொடுத்தார், அது கடனா முதலா என்பதே முதல் வரியாக இருக்கட்டும். கடன் என்றால் எப்போது திருப்புவது? லாரியோ, மேசை நாற்காலியோ, உரிமமோ யார் பெயரில் இருக்கிறது, கூட்டுக்குச் சொந்தமா, ஒருவருக்கே சொந்தமா? தினமும் உழைப்பவருக்குச் சம்பளம் உண்டா? நஷ்டம் வந்தால் எப்படிப் பிரிப்பது? இதை எழுதும்போது யாருக்கும் வாய் வராது. பூசைக்கு முன்னால் நஷ்டத்தைப் பேசுவதா என்பார்கள். பேசத்தான் வேண்டும். ஒருவர் விலகினால் என்ன, ஒருவர் இறந்தால் அவர் வீட்டாருக்கு என்ன, எத்தனை மாதத்தில்? இதற்குமேல் மாதக் கணக்கை யார் எழுதுவது, யார் பார்ப்பது என்று ஒரு வரி. இரண்டு பிரதி எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, சாட்சிக்கு இருவரை வைத்துக்கொள்ளுங்கள். சாட்சியாகக் கிளை நிர்வாகிகளைக் கூப்பிடலாம். இந்தத் தடவை பொங்கல் மட்டும் தின்றுவிட்டு வரமாட்டோம்.

தமிழிலேயே எழுதலாம். நாளை நீதிமன்றம் போனால் மலாய்க்கு மொழிபெயர்க்கவேண்டி வரும், அவ்வளவுதான். புரியாத மொழியில் அழகாக எழுதிக் கையெழுத்துப் போடுவதைவிட அது மேல். பொதுவான ஒப்பந்தத் தாளுக்கு முத்திரை வரி பத்து வெள்ளி. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்டிவிட்டால் சிக்கலில்லை. முத்திரை இல்லாத தாளை நீதிமன்றத்தில் காட்டவேண்டி வந்தால் முதலில் வரியையும் அபராதத்தையும் கட்டிவிட்டு வரவேண்டும்.

எஸ்.எஸ்.எம். பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் பதியவேண்டும். பலர் அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, எல்லாம் எழுத்தில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தத் தாள் உங்கள் பெயரைச் சொல்லும். நீங்கள் ஒருவருக்கொருவர் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லாது. ஒருவர் பெயரில் மட்டும் பதிந்திருந்தால் மற்றவர் கூட்டாளி என்பதையே அவர் நிரூபிக்கவேண்டி வரும். நம் மூத்தவர் வீட்டில் அந்த நிலைதான். இளையவர் மட்டும், "இவர் யாரென்றே எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா என்ன செய்திருக்க முடியும்? அவர் அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் அவரை நல்லவர் என்கிறோம்.

இளைஞர்கள் கைபேசியில் எல்லாம் பேசிக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியும் எழுத்துத்தான்; சாட்சியாகக் காட்டலாம். பணத்தைத் துண்டில் சுற்றிக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, அனுப்பும்போது எதற்காக என்று ஒரு சொல் போட்டால், "முதல்" என்றோ "கடன்" என்றோ போட்டால், அந்த ஒரு சொல் நான்கு கூட்டத்தை மிச்சப்படுத்தும். ஆனால் கைபேசி தண்ணீரில் விழும், தொலையும். நோட்டு அலமாரியில் இருக்கும்.

எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். மூன்றாம் கூட்டம்வரை சத்தம்தான். நான்காம் கூட்டத்தில் இளையவர், கணக்கு எழுதிய தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒன்பதாயிரம்னே வச்சுக்குங்க, அண்ணி" என்றார். லாரி விற்று மிஞ்சிய ஆறாயிரத்தை அங்கேயே எண்ணி வைத்தார். மீதி மூவாயிரத்தை மாதம் 250 வெள்ளி வீதம் 12 மாதத்தில் கொடுப்பதாகச் சொன்னார். கிளை அறையில் கிடந்த ஒரு நோட்டில் தமிழில் எழுதினோம். அவர் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாவும் தம் பெயரை மெதுவாக எழுதினார். அந்த இரண்டு வீட்டாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட முதல் தாள் அதுதான். எழுதி முடித்ததும் அந்த அம்மா, "இதை அன்னிக்கே எழுதியிருக்கலாமே தம்பி" என்றார். எங்களைப் பார்த்துச் சொன்னாரா, அவரைப் பார்த்துச் சொன்னாரா, தெரியவில்லை.

பன்னிரண்டு மாதமும் தவறாமல் பணம் வந்தது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வருவதுதான் நின்றுபோயிற்று.

அடுத்த ஆண்டு மூத்தவர் மகளுக்குக் கல்யாணம். அழைப்பு போயிருந்தது. மண்டபத்தில் மொய் எழுதும் மேசையில் எங்கள் பொருளாளர்தான் உட்கார்ந்திருந்தார். தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால் இளையவர் வந்தார். உறையை நீட்டினார். "உள்ளே வாங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்று பொருளாளர் சொல்லிப் பார்த்தார். "வேலை இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு, தம் பெயரைச் சரியாக எழுதுகிறாரா என்று நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். 300 வெள்ளி வைத்திருந்தார். அந்த நோட்டு அந்த அம்மாவிடம் இருக்கிறது.